சிரிக்கத் தெரிந்த குரல்

தமிழ் நாட்டில் ஒரு பெண் அழுதால் தெருவே கூடி நிற்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்தால், "யார் அவள்?" என்று தெரு கேட்கிறது. ஊர் பேர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல அது என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சினிமாப் பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்த மனிதன் எதற்காக இப்படிப் பீடிகை போடுகிறான் என்று வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடும். இது பீடிகை அல்ல, ஐயா, விஷயமே இதுதான். தெருவில் இருக்கிற இந்தக் குணம் நம்முடைய சங்கீத ரசனையிலும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. சாட்சிக் கூண்டில் ஒரு பாடகியையும் அவருடைய ஒரு பாட்டையும் நிறுத்துகிறேன்.

பாடகி, ஸ்வர்ணலதா. பாட்டு, 1996-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'இந்தியன்' படத்தில் வருகிற 'அக்கடான்னு நாங்க'.

அந்தப் படத்தில் பாட்டுகள் மொத்தம் ஐந்து. யேசுதாஸ் பாடியது ஒன்று; அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாத தகப்பனார் தமிழ் நாட்டில் இல்லை. எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் சேர்ந்து பாடிய சுதந்திரப் பாட்டு ஒன்று. ஆகஸ்டு மாதம் பிறந்தால் அதற்கு வேலை வந்துவிடும். ஹரிஹரனும் ஹரிணியும் பாடியது ஒன்று. அதை இன்றும் கல்யாண மேடைகளில் பாடுகிறார்கள். பாலசுப்பிரமணியத்தோடு ஸ்வர்ணலதா சேர்ந்து பாடியது ஒன்று. ஐந்தாவது, ஸ்வர்ணலதா தன்னந்தனியாகப் பாடியது. 'இந்தியன்' பாட்டுகளைப் பற்றி யார் பேசினாலும் நாலு பாட்டைச் சொல்லிவிட்டு, "இன்னும் ஒன்று என்னவோ உண்டே, ஆட்டப் பாட்டு ஒன்று" என்று கையை வீசிவிடுகிறார்கள். அப்படிக் கையை வீசித் தள்ளிய பாட்டுக்குத்தான் நான் வக்காலத்து வாங்குகிறேன்.

சென்ற ஆடி மாதம் அதைக் கிளியனூரில் கேட்டேன். கிளியனூர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, பெரிய சாலையின்மேல் இருக்கிறது. நாலு வழிச் சாலை போட்ட பிறகு, புதுச்சேரிக்கு ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்குப் போகிற பட்டணத்துக் கார்கள் எங்கள் ஊரை ஒரு பெயர்ப் பலகையாக மட்டும் பார்த்துவிட்டுப் பறந்துவிடுகின்றன. அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். விடியற்காலையில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளோடு மைக் செட் தொடங்கியது. பதினோரு மணிக்கு மேல் அம்மன் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, சினிமாப் பாட்டுக்கு வந்தார்கள். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து அந்தப் பாட்டு வந்தது.

வெயிலில் வரிசையாகத் தூக்குப் பாத்திரங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். பாட்டு வந்ததும் அந்த வரிசையில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. யாரும் ஆடிவிடவில்லை, எங்கள் ஊர்ப் பெண்கள் பொது இடத்தில் ஆடுகிறவர்கள் அல்ல. ஆனால் நாற்பது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தூக்குப் பாத்திரத்தின் மூடியில் விரலால் தாளம் போட்டாள். இன்னொருத்தி அவளை முழங்கையால் இடித்தாள். இருவரும் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். இந்தப் பாட்டு வந்தபோது அவர்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பாட்டு எந்தக் காலத்திலும் தொலைந்து போகவில்லை என்பதை நான் அங்கேதான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன். பட்டணத்து ரசிகர்கள் "மறந்துபோன பாட்டு" என்று பட்டியல் போடுகிறார்களே, அவர்கள் மறந்தார்கள் என்பதற்காக அது மறந்துபோன பாட்டாகிவிடாது. டவுன் பஸ்ஸிலும், கூழ்வார்த்தலிலும், மஞ்சள் நீராட்டு விழாவிலும் அதற்கு ஒருநாளும் ஓய்வு இல்லை.

மைக் செட்காரப் பிள்ளையாண்டானிடம் போய், "தம்பி, இந்தப் பாட்டு யார் பாடினது?" என்று கேட்டேன்.

"ரகுமான் பாட்டுங்க ஐயா" என்றான்.

"மெட்டுப் போட்டவர் அவர். பாடினது யார்?"

"கமல் படங்க. இந்தியன்."

"படம் தெரியும் தம்பி. பாடின பெண் யார்?"

கையிலிருந்த போனைத் தட்டிப் பார்த்தான். படத்தின் பெயர் இருந்தது. நடிகரின் படம் இருந்தது. மெட்டுப் போட்டவர் பெயர் இருந்தது. "பாடினவங்க பேரு போடலீங்களே ஐயா" என்றான், தன் பேரில் தப்பு போலக் கூச்சத்தோடு. அவன் பேரில் ஒரு தப்பும் இல்லை. அவனுக்குப் பாட்டை அனுப்பியவர்கள் பெயரை உரித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று மாலை புதுச்சேரியிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். பெரிய ரசிகர். வீட்டில் ஒரு சுவர் முழுவதும் இசைத்தட்டுகள் அடுக்கி வைத்திருப்பவர். அவரிடம் இந்தச் சங்கதியைச் சொன்னேன். "அடடா, ஸ்வர்ணலதா! என்ன சோகம் ஐயா அந்தக் குரலில்!" என்று கண்ணை மூடிக்கொண்டார். "சோகமா? நான் சொல்கிற பாட்டில் சோகம் இல்லையே" என்றேன். கண்ணைத் திறந்தார். "அதெல்லாம் வயிற்றுப் பிழைப்புக்குப் பாடினது. குத்துப் பாட்டு. அதை வைத்தா அவரை எடை போடுவது?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் நம் ரசனையின் முழுச் சரித்திரமும் அடங்கியிருக்கிறது. சோகப் பாட்டு, ஆத்மாவுக்காகப் பாடியது; சந்தோஷப் பாட்டு, வயிற்றுக்காகப் பாடியது! இரண்டுக்கும் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுதான், மைக் ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஸ்வர்ணலதாவுக்கு நாம் கட்டியிருக்கும் ஞாபகார்த்த மண்டபத்தில் கண்ணீருக்கு மட்டுமே கதவு வைத்திருக்கிறோம். செப்டம்பர் 12-ந் தேதி வந்தால் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறவர்களைப் பாருங்கள்: தனிமை, ஏக்கம், பிரிவு, மழை, ஜன்னல் கம்பி. அவர் 2010-ல், 37 வயதில் இறந்துபோனார் என்கிற துக்கத்தையும் இந்தப் பாட்டுகளோடு கலந்து, அந்தப் பெண் பிறவியிலிருந்தே அழுதுகொண்டிருந்தவர் போல ஒரு சித்திரம் தீட்டிவிட்டார்கள். வாழ்க்கையில் சீக்கிரம் முடிந்துபோனவர் பாட்டிலும் முடிவையே பாடியிருக்க வேண்டும் என்பது ஒரு மலிவான கற்பனை. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, 1987-ல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதனிடம் பாடத் தொடங்கியபோது அவருக்குப் பதினாலு வயது. 'அக்கடான்னு' வெளிவந்தபோது 23. அந்த வயதில் ஒரு பெண்ணுக்குச் சிரிக்க உரிமை கிடையாதா?

'கருத்தம்மா' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதிராஜா 1994-ல் எடுத்த படம். பெண் சிசுக் கொலையைப் பற்றியது. அதில் பொன்னுத்தாயி பாட்டு இரண்டு முறை வருகிறது. ஒன்று உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய சந்தோஷமான பாட்டு. மற்றது ஸ்வர்ணலதா பாடிய துக்கமான பாட்டு. மெட்டு ஒன்றே. தேசிய விருது துக்கத்துக்குக் கிடைத்தது. அந்த விருது தப்பான இடத்துக்குப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். நான் சொல்வது வேறு. விருது கொடுத்தவர்கள் ஒரு பாட்டுக்குத்தான் கொடுத்தார்கள். அதை ஒரு வாழ்க்கை முழுவதற்கும் ஒட்டிய சீட்டாக மாற்றியவர்கள் நாம்.

"துக்கம் ஆழமானது ஐயா, சந்தோஷம் மேலோட்டமானது" என்று என் நண்பர் அடுத்த பாணத்தை எடுத்தார். படித்தவர்கள் நிறையப் பேர் இதைச் சொல்கிறார்கள். ஏதோ மேல் நாட்டுத் தத்துவம்போல இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு களை வந்துவிடுகிறது. நம் தொல்காப்பியரைக் கேட்போமே! மனித உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டு வகையாக வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் முதலில் நிற்பது நகை. அழுகைக்கு இரண்டாம் இடம். எட்டாவதாக வரிசையை முடித்து வைப்பது உவகை. சிரிப்பில் தொடங்கிச் சந்தோஷத்தில் முடித்திருக்கிறார், அந்தப் பழைய மனிதர். அழுகையை நாமாக இழுத்து வந்து சிம்மாசனத்தில் வைத்துவிட்டு, அதற்குத் தமிழ் மரபு என்றும் பெயர் கொடுத்துவிட்டோம்.

தொல்காப்பியம் எட்டாத தூரம் என்றால், ஸ்வர்ணலதாவின் பாட்டிலிருந்தே இன்னொரு சாட்சி தருகிறேன். 1991-ல் வந்த 'தளபதி'யில் பாலசுப்பிரமணியத்தோடு அவர் பாடிய ராக்கம்மா பாட்டு. தெருவெல்லாம் ஆடுகிற அந்தப் பாட்டின் நடுவில் தாளம் ஒதுங்கி, அப்பர் தேவாரம் ஒன்று வருகிறது. இளையராஜா ஆயிரக்கணக்கான தேவாரங்களில் எதைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? தில்லைக் கூத்தனின் உதட்டில் அரும்புகிற சிரிப்பைப் பார்ப்பதற்காகவே இந்த மனிதப் பிறவி வேண்டும் என்று அப்பர் பாடினாரே, அந்தத் தேவாரத்தை! சூலை நோயில் துடித்தவர், சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டவர் என்று சரித்திரம் சொல்கிற மனிதர் அப்பர். துக்கம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தவர்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டார். 2002-ல் பி.பி.சி. உலகச் சேவை தன்னுடைய எழுபதாவது ஆண்டுக்காக உலகத்தின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளுக்கு நேயர்களிடம் வாக்கு வாங்கியபோது ராக்கம்மா நாலாவது இடத்துக்கு வந்தாள். உலகம் எந்த ஸ்வர்ணலதாவுக்கு வாக்குப் போட்டது? கை தட்டச் சொன்ன ஸ்வர்ணலதாவுக்கு.

சரி, 'அக்கடான்னு' பாட்டில் அப்படி என்ன இருக்கிறது? எழுதியவர் வாலி. விஷயம் ரொம்பச் சாதாரணம். நாங்கள் எங்கள் இஷ்டப்படி உடுத்துவோம். எங்களைத் தராசில் வைத்து எடை போடுகிறவர்களுக்குத் தடை. இவ்வளவுதான். அந்தத் தடையைச் சொல்ல வாலி ஒரு குறும்பு செய்தார். விசாரணை இல்லாமல் ஆட்களை உள்ளே தள்ளப் பயன்பட்ட தடாச் சட்டம் 1985-ல் வந்து, 1995 மே மாதத்தோடு காலாவதியாயிற்று. அரசாங்கத்தின் கையிலிருந்து விழுந்த அந்தப் பயங்கரமான சொல்லை அடுத்த வருஷமே பொறுக்கி எடுத்து, ஒரு பெண்ணின் கையில் விளையாட்டுச் சாமானாகக் கொடுத்துவிட்டார். யாரைப் பார்த்து அந்தச் சட்டத்தை அவள் பிரயோகிக்கிறாள்? தெருமுனையில் நின்று அவளை மேலும் கீழும் பார்க்கிற கனவான்களைப் பார்த்து!

இதை ஸ்வர்ணலதா எப்படிப் பாடுகிறார் என்பதுதான் விசேஷம். இப்படிப்பட்ட பாட்டுக் கிடைத்தால் கத்திவிடுவது சுலபம். கொஞ்சிவிடுவது அதைவிடச் சுலபம். இரண்டையும் அவர் செய்யவில்லை. தாளம் நாய் துரத்தினாற்போல ஓடுகிறது. அவர் அதன் பின்னால் ஓடாமல், பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடந்துவருகிறார். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. சொல்லின் கடைசியில் லேசாக ஓர் அலட்சியம். எங்கள் ஊர்ச் சந்தையில் கறிக்காரப் பெண்மணி, பேரம் பேசுகிறவனைப் பார்த்து, "வேணும்னா எடு, வேணாம்னா நட" என்று சொல்வாளே, அந்தத் தொனி. சண்டைக்கு வந்தவனிடம் பதிலுக்குச் சண்டை போடாமல் அவனைப் பார்த்துச் சிரித்துவிடுவது எவ்வளவு கடினமான காரியம் என்று, சிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விம்மலுக்கு வேண்டிய மூச்சுக் கட்டுப்பாட்டைப் போல இந்தச் சிரிப்புக்கும் வேண்டும். என் நண்பரின் காதில் முதலாவது மட்டும் வித்தை என்று விழுகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. "என்ன பெரிய பெண் விடுதலை ஐயா? எழுதியவர் ஆண், மெட்டுப் போட்டவர் ஆண், படம் எடுத்தவர் ஆண். திரையில் அந்தப் பாட்டு வருவதும் ஆண்களின் கண்ணுக்கு விருந்தாகத்தானே?" என்று கேட்கலாம். இதைக் கேட்கிற பெண்களுக்கு என் மரியாதை. திரையில் காட்டியதற்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் தென்னை மரத்துக் குழாயில் படம் தெரியாது. அங்கே காமிராவும் கிடையாது, ஆடை அலங்காரமும் கிடையாது. ஒரு குரல், அந்தக் குரல் சொல்கிற செய்தி, அதைக் கேட்டுச் சேலைத் தலைப்புக்குள் சிரிக்கிற இரண்டு பெண்கள். ஆண்கள் ஆண்களுக்காகச் செய்த சாமானை ஒரு பெண் தன் குரலால் கைப்பற்றி, இன்னும் பல பெண்களுக்குத் தானம் செய்துவிட்டார். அதனாலேயே அவர் பெயர் அந்தப் பாட்டோடு போக வேண்டும் என்கிறேன். எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் எடுத்தவரும் தங்கள் பங்குக்கான புகழை வாங்கியாகிவிட்டது. பாட்டைத் தன்னுடையதாக்கியவளுக்கு மட்டும் பாக்கி நிற்கிறது.

பாட்டு காணாமல் போவதும் பிறகு கிடைப்பதும் கிளியனூருக்குப் புதிய விஷயம் அல்ல. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 274 என்று நெடுங்காலம் கணக்கு. பின்னாளில் கிடைத்த இரண்டு பதிகங்களைச் சேர்த்துக் கணக்கு 276 ஆயிற்று. அந்த இரண்டில் ஒன்று திருவிடைவாய். மற்றது திருக்கிளியன்னவூர் என்ற எங்கள் கிளியனூர். கோயில் அங்கேயேதான் இருந்தது. சாமியும் அங்கேயேதான் இருந்தார். பாட்டு கிடைக்கிறவரையில் ஊர் பட்டியலில் இல்லை. ஒரு பாட்டைத் தேடி எடுப்பதால் ஓர் ஊருக்கே மதிப்பு வரும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் நாங்கள்.

தேவாரம் முழுவதையும் தேடி எடுத்த கதையும் எல்லாருக்கும் தெரியும். சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த அறை, கறையான் புற்று, நம்பியாண்டார் நம்பி, சோழ மகாராஜா. ஏடுகள் கிடைத்தன; ஆனால் எந்தப் பண்ணில் பாடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணுக்குப் பண் தெரியும் என்று அறிந்து, அவளை அழைத்துப் பாடச் சொல்லிப் பண்களை வகுத்தார்கள் என்பது கதை. ராஜாவுக்குத் 'திருமுறை கண்ட சோழன்' என்று பட்டம் கிடைத்தது. நம்பிக்குத் திருமுறையிலேயே இடம் கிடைத்தது. பாடிக் காட்டிய பெண்ணைக் கதை சொல்கிறவர்கள் "பாணர் மரபில் வந்த ஒரு பெண்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்துவிடுகிறார்கள். ஏட்டில் எழுத்து இருந்தது. அதில் உயிர் வந்தது அவள் வாயால். அவளுக்குப் பெயர் இல்லை! எங்கள் மைக் செட்டுப் பிள்ளையாண்டானின் போனில் பெயர் இல்லாமல் போனதற்கு வேர் எங்கே ஓடுகிறது, பார்த்தீர்களா?

பெயருக்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு. 1949-ல் 'மஹல்' என்ற ஹிந்திப் படம் வந்தபோது, அதன் பிரசித்தமான பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயராகக் கதாபாத்திரத்தின் பெயரை, காமினி என்று அச்சடித்திருந்தார்கள். கேட்டவர்கள் வானொலிக்கு எழுதி எழுதிக் கேட்டார்கள். அதன் பிறகுதான் பாடியவர் லதா மங்கேஷ்கர் என்று நாட்டுக்குத் தெரிந்தது. நம் கடற்கரை ஜில்லாக்காரர்களுக்கு இலங்கை வானொலி ஞாபகம் இருக்கும். படம் இது, பாடியவர்கள் இவர்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். அறிவிப்பாளர் சொல்லக் கேட்டே பாடகர் பெயர்களை மனப்பாடம் செய்த குடியானவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குப் பண்பலை வானொலியில் அறிவிப்பாளர் பாட்டுக்குப் பாட்டு ஐந்து நிமிஷம் பேசுகிறார். பாடியவர் பெயரைச் சொல்ல அரை விநாடி அகப்படுவதில்லை.

ஜப்பானில் மிகி மட்ஸுபாரா என்று ஒரு பாடகி 1979-ல் ஓர் ஆட்டப் பாட்டுப் பாடினார். நாற்பது வருஷம் கழித்து, 2020-ல், மொழி தெரியாத உலகத்துப் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கண்டெடுத்துக் கொண்டாடினார்கள். அதைக் கேட்க அவர் இல்லை, 2004-லேயே இறந்துபோயிருந்தார். ஆனால் அந்தப் பாட்டு உலகம் சுற்றியபோது அவர் பெயரைச் சுமந்துகொண்டே சுற்றியது. அந்த ஊரில் பாட்டு, பாடியவருடைய பாட்டு. நம் ஊரில் பாட்டு, கதாநாயகனுடைய பாட்டு. அவர் வாயை அசைத்திருந்தாலும் சரி, பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலும் சரி!

இதைவிட ஒரு வேடிக்கை உண்டு. 'ஜென்டில்மேன்' படத்தில் ஸ்வர்ணலதாவோடு உசிலம்பட்டிப் பாட்டைப் பாடிய சாகுல் ஹமீது 1997-ல் விபத்தில் காலமானார். 2024-ல் 'லால் சலாம்' படத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவர் குரலைத் திரும்ப உண்டாக்கினார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, தகுந்த ஊதியமும் அனுப்பியதாக ரகுமான் அறிவித்தார். மிகவும் சரியான காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: யந்திரம் உண்டாக்கிய நகல் குரலுக்கு நாம் பெயர் சொல்கிறோம், அனுமதி கேட்கிறோம், பணம் தருகிறோம். அசல் குரல், ரத்தமும் மூச்சுமாக 1996-ல் பாடி வைத்த குரல், தினந்தோறும் ஆயிரம் குழாய்களில் ஒலிக்கும்போது பெயர்கூடச் சொல்வதில்லை. பாடியவருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது 2012-ல். ஸ்வர்ணலதா அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டார். சட்டம் அவருக்குக் காலத்தில் வரவில்லை. பெயரைச் சொல்வதற்குச் சட்டம் வர வேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. பெரிய கோரிக்கைகள் அல்ல. யாருக்கும் சல்லிக்காசு செலவு இல்லை. பாட்டு விற்கிற கம்பெனிகள், போனில் பாட்டு அனுப்புகிறவர்கள், படத்தின் பெயருக்குக் கீழே பாடியவர் பெயரைப் போடட்டும். எழுதியவர் பெயரையும் போடட்டும். கல்யாணக் கச்சேரியில் மேடை ஏறுகிற இளைஞர்கள் பாடத் தொடங்குமுன், "முதலில் பாடியவர் இன்னார்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பழைய பாட்டைத் தன் படத்தில் எடுத்துப் போட்டுக் கைதட்டல் வாங்குகிற புதிய டைரக்டர்கள், திரையில் ஹீரோவின் பெயருக்குக் கொடுக்கிற எழுத்தின் பருமனில் பத்தில் ஒரு பங்காவது அந்தக் குரலுக்குக் கொடுக்கட்டும்.

ரசிக சிகாமணிகளுக்கு ஒரு தனிக் கோரிக்கை. வருகிற செப்டம்பர் 12-ந் தேதி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுது முடித்த பிறகு 'அக்கடான்னு' ஒரு தடவை போடுங்கள். கூடத்தில் பெரிய சத்தமாகப் போடுங்கள். வீட்டில் உள்ள பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். யாராவது சிரித்தால், எதற்காகச் சிரிக்கிறாய் என்று கேட்காதீர்கள். "பாடுகிறவர் பெயர் ஸ்வர்ணலதா" என்று சொல்லுங்கள், அது போதும்.